கைக்கெட்டும் தூரத்தில்

முழங்கையை மடக்கக் கூடாது. பாதிப் பேர் செய்கிற தவறு அதுதான். தோள்பட்டை நேராக நெஞ்சுக்கு மேலே வர வேண்டும். அழுத்துவது கை இல்லை, உடம்பின் பாரம். அன்று காலை மிஸ்டர் டேக்கெட்டின் நெஞ்சை நான் அப்படித்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். முதுகுக்கு அடியில் பலகையைச் செருகியாகிவிட்டது. என் நெற்றி வியர்வை அவருடைய பைஜாமா மேல் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் என் ஆசிரியை மிஸஸ் ஜென்ட்ரி உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு விலா எலும்பு முறிந்தது. காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

"நிறுத்தாதே நோரீன். அது உடையத்தான் செய்யும். நீ சரியாத்தான் பண்றே."

சரியாகத்தான் செய்தேன். அவர் பிழைக்கவில்லை. இரண்டுமே உண்மை.

சார், நீங்கள் வந்து உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். பதில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது. அதனால் வரிசையாக வருகிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. வேலைக்கு நடுவில் வந்து நின்றீர்கள், "இப்பவே கிளம்புங்க" என்றீர்கள், போட்டிருந்த யூனிஃபார்மோடு உங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்துவிட்டேன். நான் முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். காபிக்கு நன்றி. நன்றாக இருக்கிறது.

என் முழுப்பெயர் நோரீன் ஸ்டாம்பர். இந்த ஆற்றங்கரை ஊரிலேயே பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைக்குப் போனேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது. அந்த வேலையில் முதலில் பழகுவது பொய்தான். யாராவது விழுந்துகிடந்தால், நான் அந்தப் பக்கமே போகவில்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தால், அது முந்தின ஷிஃப்ட். உண்மை பேசியவள் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போவாள், திங்கட்கிழமை அவளுடைய பெயர்ப்பட்டை குப்பைக்கூடையில் கிடக்கும். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். விளக்கு உடைந்துவிட்டது என்று அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னவன் என் தம்பி. பெல்ட்டால் அடி வாங்கியவனும் அவன்தான். உடைத்தது நான்.

நாற்பதை நெருங்கும்போது கம்யூனிட்டி கல்லூரியில் சேர்ந்தேன். ஒரு வருடப் படிப்பு. முடித்து மாநிலத் தேர்வு எழுதினால் லைசென்ஸ் பெற்ற நர்ஸ். மருந்து கொடுக்கலாம், ஊசி போடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, நாம் சொல்வதை நாலு பேர் நின்று கேட்பார்கள். கார் ரிப்பேர் வகுப்புக்கும் முடி வெட்டும் வகுப்புக்கும் நடுவில் ஒரு நீளமான அறை எங்களுடையது. கட்டில் கட்டிலாக ரப்பர் பொம்மைகள் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும். என்னைத் தவிர எல்லாரும் சின்னப் பெண்கள். ஆசிரியை மிஸஸ் ஜென்ட்ரி. ஒல்லி, நரைத்த முடி, சத்தமே வராத செருப்பு. மாணவிகள் செய்யும் ஒவ்வொரு காரியமும் அவருடைய லைசென்ஸின் பேரில்தான் நடக்கும். நாங்கள் கெடுத்தால் அவர் கெடுவார். அதனால் அவருக்குக் கண் எங்கும் இருக்கும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையைச் செய்து முடித்தாலும், கடைசியில் ஒப்பிப்பதுபோல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: கட்டிலைத் தாழ்த்தினேன், கூப்பிடும் மணியை நோயாளி கையில் கொடுத்தேன், கை கழுவினேன். பொம்மைக்குச் செய்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மார்க் போச்சு. தூக்கத்தில்கூட அதையே புலம்புவதாக டெசா தன்னைப் பற்றிச் சொல்வாள். டெசா மல்லின்ஸ் பயிற்சியில் எனக்கு ஜோடி. இருபது வயது, பபுள்கம் மெல்லும் வாய், கேட்காமலே சிரிப்பு.

இன்னொரு வழக்கம்தான் முக்கியம். கிருமி நீக்கிய பொருள்களை வைத்துச் செய்யும் வேலை இருக்கிறதே, சிறுநீர்க்குழாய் போடுவது மாதிரி, அதில் கையுறை போட்ட விரல் போர்வையில் லேசாகப் பட்டால்கூட எல்லாம் தீட்டு. பட்டது கண்ணுக்குத் தெரியாது. பட்டவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாயைத் திறந்து "பட்டுடுச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் மார்க் குறையாது. அந்தப் பொருள்களைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டு, புதுப் பெட்டி எடுத்து, முதலிலிருந்து தொடங்கலாம். மறைத்தால் அந்த நிமிடமே வெளியே.

எனக்கு அந்தப் பரீட்சை நடந்த அன்று என் சுண்டுவிரல் பொம்மையின் தொடையில் பட்டது. மிஸஸ் ஜென்ட்ரி அப்போது ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். பழைய நோரீனாக இருந்தால் தொடர்ந்திருப்பேன். ஏனென்று தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துவிட்டது.

"பட்டுடுச்சு."

அவர் மெதுவாகத் திரும்பினார். "எல்லாரும் இங்கே பாருங்க. நான் பாக்கலை. இவ சொல்லலைன்னா இந்த ரூம்ல ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது." பிறகு என் தோளில் கை வைத்தார். "ஒவ்வொரு வருஷமும் பசங்களைப் பாக்கும்போது நான் ஒண்ணே ஒண்ணுதான் யோசிப்பேன். இவளை எங்கம்மா கட்டிலுக்குப் பக்கத்துல விடலாமான்னு. நோரீன், உன்னை விடுவேன்."

யாரும் கைதட்டவில்லை. டெசா மட்டும் வாய்க்குள் விசில் அடித்தாள். அன்று சாயங்காலம் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதுவரை எனக்கு யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. புகழ்ச்சி சில பேருக்குப் போதை என்பார்கள். எனக்கு அது போதை இல்லை, சார். பசித்தவளுக்குச் சோறு. அந்த வித்தியாசத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த முதல் தவறு உண்மையான தவறு. அதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு செய்தவற்றில் யாருக்கும் பெரிய தீங்கு இல்லை. பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருமுறை ஒரு பாட்டியின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றாமல் விட்டேன். கொஞ்சம் பொறுத்து நானே போய்க் கழற்றி, நானே மிஸஸ் ஜென்ட்ரியிடம் சொன்னேன். ஒருமுறை சர்க்கரை நோயாளிக்கு வேறொருவரின் சாப்பாட்டுத் தட்டை வைத்தேன். அவர் பீச் துண்டை முள்கரண்டியில் குத்துவதற்குள் பிடித்துவிட்டேன். சொன்னேன். ஒருமுறை சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடவில்லை. அந்தம்மா எழுந்திருக்கும்போது நாற்காலி நழுவியது. மணிக்கட்டு கன்றிப்போனது, அவ்வளவுதான். அதையும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மிஸஸ் ஜென்ட்ரியின் முகம் இளகும். "சரி, சொல்லிட்டே. இனிமே கவனமா இரு." நானே செய்தேன், நானே கண்டுபிடித்தேன், நானே சொன்னேன். நடுவில் யாரையும் இழுக்கவில்லை. இதைவிட நேர்மையாக ஒருத்தி எப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை.

டெசாவுக்கு இது வேடிக்கை. மதியம் வெளியே நின்று சிகரெட் பிடிக்கும்போது, "வாங்க, புனித நோரீன். இன்னிக்கு எதைப் போட்டு உடைச்சீங்க?" என்பாள்.

"உன் வாயைத்தான் உடைக்கணும்."

"உடைச்சுட்டு மிஸஸ் ஜென்ட்ரிகிட்டப் போய்ச் சொல்லிடு. மெடல் குத்துவாங்க."

மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். டெசா மீது எனக்குக் கோபம் இருந்ததில்லை. கவனக்குறைவான பெண், முடியைக்கூட ஒழுங்காகக் கட்ட மாட்டாள். ஆனால் ஒன்று: மணி அடித்தால் ஓடுவாள். எங்களைப் பயிற்சிக்கு அனுப்பிய முதியோர் இல்லத்தில், நோயாளி மணியை அழுத்தி அறைக் கதவுக்கு மேலே மஞ்சள் விளக்கு எரிந்தால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள். டெசா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். அவளுடைய நோயாளியா, அடுத்தவளுடைய நோயாளியா என்று பார்க்க மாட்டாள். ஒரு காலை மிஸஸ் ஜென்ட்ரி அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, எங்கள் எல்லார் எதிரிலும் சொன்னார்:

"பாருங்க. இவளை எங்கம்மாகிட்ட விடுவேன்."

அதே வார்த்தை. அதே குரல்.

அடுத்த வாரம் நான் ஒரு மாத்திரையைத் தாமதமாகக் கொடுத்துவிட்டுச் சொல்லப் போனேன். மிஸஸ் ஜென்ட்ரி என்னைத் துணி அடுக்கும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். திட்டவில்லை. களைத்த முகம்.

"நோரீன், நீ சொல்றது நல்ல பழக்கம். ஆனா நீ சொல்றது ரொம்ப அதிகமாயிடுச்சு."

"மறைக்கச் சொல்றீங்களா?"

"மறைக்கச் சொல்லலை. செய்யாம இருன்னு சொல்றேன். கையில விழுந்ததையெல்லாம் கொண்டாந்து என் மடியில போடறே, அப்புறம் லேசாயிட்டு நடந்து போயிடறே. எனக்கு அது புரியலை."

நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சின்னச் சின்னத் தவறுகளைக் கேட்டுக் கேட்டு அவருக்குச் சலித்துவிட்டது. சின்னதைச் சொல்ல பெரிய தைரியம் வேண்டாமே. அதை அவர் சொல்லாமல் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது மிஸ்டர் டேக்கெட்டுக்கு வருகிறேன்.

ஆர்வில் டேக்கெட் ஆற்றில் இழுவைப் படகுகளில் சமையல்காரராக இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு விழுங்குவதில் சிக்கல். தண்ணீராக எது போனாலும் நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். அதனால் அவர் குடிக்கும் எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைப் பவுடரைக் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீரும் தேன் பதம், பாலும் தேன் பதம், காபியும் தேன் பதம். அப்படிப்பட்டவர்களின் தலைமாட்டில் ஒரு தேனீ படம் ஒட்டியிருக்கும். யார் உள்ளே போனாலும் மேலே பார்த்தால் தெரிந்துவிடும்.

அவருக்கு அந்தத் தேனீ மேல் தீராத பகை.

"இது காபியா, சுவத்துல போஸ்டர் ஒட்டுற பசையா?" என்பார். "ஸ்பூனை நட்டு வெச்சா நிக்குது பாரு. கொடி ஏத்தி சல்யூட் அடிக்கலாம்."

"குடிங்க, கண்ணு. உங்க நல்லதுக்குத்தான்."

"என் படகுல எவனாவது இப்படிக் காபி போட்டிருந்தா ஆத்துல தள்ளியிருப்பேன். ஒரு நாள், ஒரே ஒரு கப்பு. நெஜக் காபி. நீ நல்ல பொண்ணு, உன்னால முடியும்."

அறையில் திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டில். அதில் லெஸ்டர் கோப். அவருக்கும் பக்கவாதம், வேறு இடத்தில் தாக்கியது. வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது: "செவ்வாய்." பசித்தாலும் செவ்வாய், வலித்தாலும் செவ்வாய், நன்றி சொல்வதற்கும் செவ்வாய். டேக்கெட் அவரைச் சீண்டுவார். "லெஸ்டர், இந்தக் காபி எப்ப தீரும்?" "செவ்வாய்." "பாத்தியா, ஆளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

அன்று டேக்கெட் எனக்கு ஒதுக்கப்பட்டவர். குளிப்பாட்டி, முகம் மழித்து, தலையணை வைத்துச் சாய்வாக உட்கார வைத்தேன். காபி கொண்டு வந்தேன். பவுடர் போடவில்லை.

மறந்துவிட்டேன் என்றுதான் அன்று எல்லாரிடமும் சொன்னேன். மூன்று வருடமாக அதைத்தான் எல்லாரும் நம்புகிறார்கள். மறக்கவில்லை, சார். பவுடர் டப்பாவைக் கையில் எடுத்து, திருப்பி வைத்தேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். நான் நினைத்தது இவ்வளவுதான்: இரண்டு வாய் குடிப்பார், புரையேறும், முகம் சிவக்கும். மிஸஸ் ஜென்ட்ரி வழக்கமாக அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வரும் நேரம் அது. அவர் தாழ்வாரத்தில் திரும்பும்போது நான் உள்ளே பாய்ந்து, டேக்கெட்டை முன்னால் குனிய வைத்து, முதுகில் தட்டி, குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவேன். பிறகு எல்லார் எதிரிலும் சொல்வேன்: பவுடரை மறந்தது நான்தான். பெரிய தவறு, பெரிய ஒப்புதல். அதைக் கேட்டபின் மிஸஸ் ஜென்ட்ரிக்கு என்மேல் சலிப்பு இருக்காது.

கோப்பையைப் பார்த்ததும் டேக்கெட்டின் கண் பளபளத்தது. கோப்பையை ஆட்டிப் பார்த்தார். காபி அலையடித்தது.

"அடி என் ராசாத்தி," என்றார். "ஓடுது பாரு. ஆறு மாதிரி ஓடுது."

நான் வெளியே வந்து கதவுக்குப் பக்கத்தில், துணி வண்டியை அடுக்குவதுபோல் நின்றேன். உள்ளே முதலில் ஒரு சந்தோஷமான உறிஞ்சல். பிறகு இருமல். ஈரமான இருமல். நான் தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தேன். மிஸஸ் ஜென்ட்ரி வரவில்லை.

அவர் ஏன் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நோயாளியின் மகள் அவரை வழியில் நிறுத்தி, தன் அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் பெண் எவ்வளவு தங்கமானவள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் டெசா. விதி என்றால் இதுதான். டெசாவின் பாராட்டைக் கேட்டுக்கொண்டு மிஸஸ் ஜென்ட்ரி நிற்காமல் இருந்திருந்தால் மிஸ்டர் டேக்கெட் இன்றைக்கும் காபியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

உள்ளே இருமல் குறைந்தது. குறைந்தால் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அது எனக்குத் தெரியும், வகுப்பில் கேட்டபோது கை தூக்கி நானே பதில் சொல்லியிருக்கிறேன். திரைக்குப் பின்னாலிருந்து லெஸ்டர் கத்தினார். "செவ்வாய்! செவ்வாய்! செவ்வாய்!" தாழ்வாரத்தில் போன ஒரு உதவியாளர், "என்ன லெஸ்டர், இன்னிக்கு வியாழன்" என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போனாள். நான் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பிறகு கோடியில் அந்தச் சத்தமில்லாத செருப்பு தெரிந்தது. நான் உள்ளே ஓடினேன். மற்றது உங்களுக்குத் தெரியும். முழங்கையை மடக்காமல் அழுத்தினேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் முயற்சியைக் கைவிட்ட பிறகு, கட்டில்மேல் காபி சிந்திக் கிடந்தது. மிஸஸ் ஜென்ட்ரி அதை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல்களுக்கு நடுவில் அது தண்ணீராக வழிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நான்தான். பவுடர் போட மறந்துட்டேன்."

டெசா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மிஸஸ் ஜென்ட்ரி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவருடைய இதயம் என் தோளில் அடிப்பது தெரிந்தது.

"உடம்பு சூடு ஆறலை, அதுக்குள்ள சொல்லிட்டியே," என்றார் காதருகே. "இந்த நிலைமையில எத்தனை பேர் சொல்லுவாங்க, நோரீன்?"

விசாரணை நடந்தது. அவர் எனக்காகக் கல்லூரியில் பேசினார், இல்லத்தின் நிர்வாகத்தில் பேசினார், மாநிலத்திலிருந்து வந்தவர்களிடமும் பேசினார். மாணவியின் மறதி, மேற்பார்வையின் குறை, தன் பொறுப்பு என்றார். தண்டனையில் பாதியை அவரே வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை, வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். டேக்கெட்டின் மகன்கூட வந்து என் கையைப் பிடித்து, "கடைசியா அவர் கேட்டது கெடைச்சுதே" என்றான். நான் ஒரு பருவம் தாமதமாகப் படிப்பை முடித்தேன். படிப்பு முடித்தவர்களுக்கு நர்ஸ் பேட்ஜ் குத்தும் விழாவில் மிஸஸ் ஜென்ட்ரியே அதை என் காலரில் குத்தினார். குத்தும்போது மெதுவாகச் சொன்னார், "எங்கம்மாகிட்ட உன்னை விடுவேன்." டெசா அந்த விழாவுக்கு வரவில்லை. டேக்கெட் இறந்த மறுவாரமே படிப்பை விட்டுவிட்டாள். அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததைத் தான் கவனிக்காமல் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள். எரியவே இல்லை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

நீங்கள் முன்னால் குனிகிறீர்கள். ஆமாம், உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

இந்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. லெஸ்டர்தான். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரந்தோறும் வந்து அவருக்குப் படங்களைக் காட்டிப் பேச வைப்பதாகக் கேள்விப்பட்டேன். மூன்று வருடம் கழித்து ஆளுக்கு இரண்டாவது வார்த்தை வந்திருக்கிறது. அந்த வார்த்தை "மணி". அதைச் சொல்லிவிட்டு அழுதாராம். டேக்கெட் இருந்த பக்கத்துக் கட்டிலைக் காட்டிக் காட்டிச் சொன்னாராம்.

எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. பேச முடியாதவர் எதிரில், அவருக்குக் கண்ணும் காதும் இல்லாததுபோல் நடந்துகொள்வோம். அவர் தலைக்கு மேலேயே நம் குடும்பச் சண்டையைப் பேசுவோம். அன்று திரை முழுதாக இழுக்கப்படவில்லை. லெஸ்டரின் முகம் அந்த இடைவெளியில் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நான் திட்டமிடாமல் செய்த தவறு இந்த மொத்தக் கதையிலும் இரண்டே இரண்டுதான். ஒன்று அந்தச் சுண்டுவிரல். இன்னொன்று லெஸ்டர்.

நீங்கள் கேட்டீர்கள்: "அன்னிக்கு மிஸ்டர் டேக்கெட்டோட மணி எங்கே இருந்துச்சு?"

கட்டிலின் தலைப்பக்கம், கம்பிக்குப் பின்னால், சுவரை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அவருடைய மடியிலிருந்து எடுத்து அங்கே போட்டேன். நான் உள்ளே ஓடும்போது அவருடைய கை போர்வையில் அதைத் தேடிக்கொண்டிருந்தது. மிஸஸ் ஜென்ட்ரி வாசலுக்கு வருவதற்குள் எடுத்து மடியில் திரும்ப வைத்துவிட்டேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மணி அடித்தால் டெசா ஓடி வருவாள். அவள் வந்து காப்பாற்றிவிட்டால் நான் சொல்வதற்கு என்ன இருக்கும்?

இதுதான் உங்களுக்கு வேண்டிய பதில். கொலை என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் எதையும் மறுக்கப்போவதில்லை. மறுக்கிற பழக்கத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

ஆனால் எழுதுவதற்கு முன் இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நீங்கள் கேட்கவில்லை. கேட்க உங்களுக்குத் தோன்றியிருக்காது.

மிஸஸ் ஜென்ட்ரியின் அம்மா மிஸஸ் ராட்லிஃப், போன மாதம், இப்போது நான் நர்ஸாக வேலை செய்யும் இல்லத்துக்கு வந்தார். பக்கவாதம். மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வேறு எங்கும் சேர்க்காமல், "நோரீன் பார்க்கிற பகுதியில்தான் கட்டில் வேண்டும்" என்று கேட்டு வாங்கினார். அந்தம்மாவின் தலைமாட்டிலும் ஒரு தேனீ இருக்கிறது. ஒவ்வொரு வியாழனும் மதியச் சாப்பாட்டுக்கு மிஸஸ் ஜென்ட்ரி வருவார். இன்று வியாழன். இப்போதெல்லாம் என்னிடம் அன்பாகத்தான் பேசுகிறார். ஆனால் கொஞ்ச நாளாக, பேசும்போது கண் என்மேல் நிற்பதில்லை. ஜன்னல் பக்கம் போய்விடுகிறது.

இன்று மதியம் அவர் வரும் நேரத்துக்கு நான் அந்த அறை வாசலில் இருந்திருப்பேன். இந்தத் தடவை தாமதமாகாது என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். அதற்கு முன்னாலேயே நீங்கள் வந்து நின்றீர்கள். நான் அப்போதுதான் காபிக் கோப்பையை அந்தம்மாவின் கட்டில் மேசைமேல் வைத்திருந்தேன். ஆறட்டும் என்று வைத்தேன். அந்தம்மாவுக்குச் சூடு ஆகாது, ஆறிய பிறகுதான் குடிப்பார். "இப்பவே கிளம்புங்க" என்றது நீங்கள்தான். அதை நீங்கள் எழுத வேண்டும்.

எங்கள் இல்லத்தில் சுவரில் தொங்கும் மணி கிடையாது. எல்லாம் நவீனம். கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேண்டும்போது அழுத்திக் கூப்பிடும் சின்னப் பொத்தான், கயிறோடு.

இதோ, அந்தம்மாவுடையது. காலையிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. உங்கள் மேசைமேல் வைக்கிறேன்.

உட்காருங்கள் சார், இன்னும் முடிக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, பார்த்தீர்களா. நானாகத்தான் சொன்னேன். மிஸஸ் ஜென்ட்ரியிடம் அதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.